செஸ் ரேட்டிங்கும் சாமராஜநகர் சாபமும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மஸ்கட்டிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். குசலம் விசாரித்து முடிக்கும் முன்னாடியே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அண்ணே, பையன் ஆறு மாசமா 900லயே நிக்கிறான். வாரத்துக்கு மூணு கிளாஸ் போட்டிருக்கேன். மேல ஏறவே மாட்டேங்குது. மூளை அவ்வளவுதான் போலிருக்கு. நிறுத்திடவா?"

பின்னால் ஒரு கதவு படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது. பையன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். பத்து வயசு.

எனக்கு வந்த கோபத்தில் தம்பியை நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மைசூரிலிருந்து சாமராஜநகர் வரும் பாசஞ்சர் ரயிலில் இதே வாயால் இதே மாதிரி ஒன்றை என் மகளிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஊர்க்கதை. வங்கி மாற்றல் உத்தரவில் "சாமராஜநகர்" என்று பார்த்ததும் மாயவரத்தில் அம்மா கேட்டது, "அது எங்கடா இருக்கு?" திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஆசனூரைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லை முடிந்ததும் வருகிற முதல் கர்நாடக மாவட்டம். 1997 வரை மைசூர் மாவட்டத்தோடு இருந்தது. கர்நாடகாவில் இந்த ஊருக்கு ஒரு விசித்திரமான பேர் உண்டு. இங்கே கால் வைக்கிற முதலமைச்சர் பதவி இழப்பார்! தேவராஜ் அர்ஸ் காலத்திலிருந்து சொல்லப்படுகிற கதை. அதை நம்பி, பதவியில் இருந்தவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத முதலமைச்சர்கள் உண்டு. சித்தராமையா 2013க்குப் பிறகு பலமுறை வந்தார். ஐந்து வருஷத்தையும் முழுசாக முடித்தார். தேவராஜ் அர்ஸுக்குப் பிறகு அப்படி முடித்த முதல் ஆள் அவர்தான். 2018 தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்ததும், "பாத்தீங்களா, நாங்க சொல்லல?" என்றார்கள். 2023ல் அவரே மறுபடி முதலமைச்சர் ஆனபோது சொன்னவர்களைக் காணோம் :-)

பதவி போனதற்குக் கட்சிச் சண்டை, கூட்டணி, ஊழல் புகார் என்று ஆயிரம் காரணம் இருக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஊரின் மேல் பழியைப் போடுவது சுலபம். செஸ் ஆடுகிற பிள்ளை ஒரே இடத்தில் நின்றுவிட்டால் நம்ம தமிழ்க் குடும்பங்கள் செய்வதும் அச்சு அசலாக இதேதான். "மூளை அவ்வளவுதான்." "ஓப்பனிங் சரியில்லை." "கோச் சரியில்லை." சாமராஜநகர் சாபம்! தோற்ற ஆட்டத்தை எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

ரேட்டிங் என்பது மார்க் இல்லை சாமி

மார்க் ஷீட் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 900 என்றால் 900, போன மாசமும் 900, அப்படியானால் பிள்ளை ஒன்றும் படிக்கவில்லை. இதுதான் நம்ம கணக்கு. இந்தக் கணக்கு தப்பு. பி.காம். படித்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆர்பாட் எலோ என்பவர் உருவாக்கிய முறையை சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970ல் ஏற்றுக்கொண்டது. இது ஒப்பீட்டு எண். உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவர் உங்களோடு 100 ஆட்டம் ஆடினால் சுமார் 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். அது சொல்வது அவ்வளவுதான். உங்கள் பிள்ளையோடு மோதுகிற பிள்ளைகளும் கிளாஸுக்குப் போகிறார்கள், அவர்களும் புதிர் போடுகிறார்கள். எல்லாரும் ஒரே வேகத்தில் முன்னேறினால் யாருடைய எண்ணும் நகராது. டெபாசிட்டுக்கு 6 சதவீதம் வட்டி வந்து, விலைவாசியும் 6 சதவீதம் ஏறினால் பாஸ்புக்கில் எண் கூடும், பை நிறையாது. இங்கே கொஞ்சம் தலைகீழ். பை நிறையும், எண் கூடாது.

இன்னும் ஒரு வேடிக்கை. 2024 மார்ச் 1ஆம் தேதி ஃபிடே தன் ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000லிருந்து 1400 ஆக்கியது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே தடவையாகப் புள்ளி ஏற்றிக் கொடுத்தார்கள். 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700 ஆனார். ராத்திரி தூங்கி எழுந்ததும் 400 புள்ளி! அவர் ஆட்டத்தில் ஒரு சிப்பாய்கூட மாறவில்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டா பிள்ளையின் மூளையை எடை போடுகிறீர்கள்?

ரயில் கதை

என் மகள் இங்கே வந்தபோது ஆறாம் வகுப்பு. வகுப்பில் எல்லாரும் கன்னடம், இவளுக்கு "கொத்தில்லா" தவிர ஒன்றும் கொத்தில்லை. இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பி.டி. சார் செஸ் போர்டைக் கொடுத்து உட்கார வைத்தார். குதிரைக்குக் கன்னடத்தில் "குதுரெ", ராஜாவுக்கு "ராஜ", அப்புறம் பேச என்ன இருக்கிறது? முதல் சிநேகிதி கிடைத்ததே அந்தப் பலகையில்தான். வெளியூரில் பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆன்லைனில் 600லிருந்து 1000 வரை மளமளவென்று வந்தாள். அங்கே நின்றது. எட்டு மாசம் அசையவில்லை. அப்பா சும்மா இருப்பாரா? ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். பேரெல்லாம் வேண்டாம். அவர்கள் சொன்னது, "ஓப்பனிங் ரெப்பர்ட்டரி இல்லை சார், அதான்." நாலாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு சிசிலியன் டிஃபென்ஸ் கோர்ஸ் வாங்கினேன். பதினைந்து நகர்த்தல் மனப்பாடம் செய்தாள். எதிரே ஆடுகிற பிள்ளை நாலாவது நகர்த்தலிலேயே வேறு எதையோ ஆடும். அத்தோடு மனப்பாடம் காலி.

மைசூரில் ஒரு போட்டி. கடைசிச் சுற்று. ராஜாவும் ஒரு சிப்பாயும் இவளிடம், எதிரிடம் வெறும் ராஜா. ஜெயித்த ஆட்டம். இவள் அவசரப்பட்டுச் சிப்பாயை முன்னால் தள்ளிக்கொண்டே போனாள், எதிராளியின் ராஜா வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஸ்டேல்மேட், டிரா. ரயிலில் நஞ்சன்கூடு தாண்டும்போது நான் சொன்னேன், "இதுகூடத் தெரியாட்டி உனக்கெல்லாம் எதுக்கு செஸ்?"

அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூணு வாரம் போர்டைத் தொடவில்லை. பள்ளியில் அந்தச் சிநேகிதி கூப்பிட்டபோதும் "பேடா" என்று சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டை மட்டுமில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த முடிவாட்டம் எனக்கும் தெரியாது! யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நாலாயிரத்து ஐநூறு ரூபாய் கோர்ஸில் அது கிடையாது.

ஆடிட் போட்டேன்

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கு பார்ப்பது. ஒரு கிளையில் வாராக் கடன் ஏறினால் மேனேஜரின் ஜாதகத்தைப் பார்க்க மாட்டோம், ஒவ்வொரு ஃபைலாக எடுத்து எங்கே ஓட்டை என்று பார்ப்போம். அதே மாதிரி மகள் தோற்ற கடைசி 40 ஆட்டங்களை எடுத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் எஞ்சினை அணைத்துவிட்டு, "எந்த இடத்தில் போச்சு?" என்று மட்டும் கேட்டு, நோட்டில் ஒரு வரி எழுதினோம்.

காயைச் சும்மா கொடுத்தது: 26
ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டையோ, இரட்டைத் தாக்குதலையோ பார்க்காதது: 7
நேரம் முடிந்தது: 4
முடிவாட்டம் தெரியாதது: 2
ஓப்பனிங்கால் தோற்றது: 1

ஒன்று! நாற்பதில் ஒன்று! அந்த ஒன்றுக்குத்தான் நாலாயிரத்து ஐநூறு.

உங்கள் வீட்டு நோட்டில் எண்கள் வேறாக வரலாம். ஆனால் 1200க்குக் கீழே ஆடுகிற யாராக இருந்தாலும் முதல் ரெண்டு வரிதான் பெரிசாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். தொடக்கக்காரர் நிற்பது அறிவுச் சுவரில் இல்லை. எதிராளி இப்போது வைத்த காய் எதைத் தாக்குகிறது என்று பார்க்காததுதான் அந்தச் சுவர். இதை ஏன் கிளாஸில் சொல்வதில்லை? சொன்னால் ஒரே வகுப்பில் முடிந்துவிடும், அப்புறம் பீஸ் எதற்கு? "ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் பார்" என்பதை விற்க முடியாது. சிசிலியனை விற்கலாம், அதன் கிளைகளைத் தனித்தனியாக விற்கலாம், வருஷா வருஷம் புதுப் பதிப்பு விற்கலாம்.

எல்லாப் பயிற்சியாளரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் தரத்தை நெருங்கும்வரை கம்ப்யூட்டர் எஞ்சினையே தொட விடவில்லை. சொந்தத் தலையால் யோசிக்கட்டும் என்று விட்டார். அந்தப் பையன் 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5-6.5 என்று வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனான். கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது? டிங் ஒரு யானையைத் தப்பாக வைத்தார். யானைகள் போய், மந்திரிகள் போய், மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். உலக சாம்பியன் பட்டமே ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் முடிவாகிறது, நம்ம பிள்ளைகளுக்கு அது "போர்".

மணிலாவில் ஒரு தமிழம்மா

வெளியூரில் இருக்கிறோம், நல்ல கோச் இல்லை, கிளப் இல்லை என்று சாக்குச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதை.

1970களின் கடைசி. ரயில்வே அதிகாரி ஒருவருக்கு பிலிப்பைன்ஸில் வேலை. குடும்பத்தோடு மணிலா போனார். கடைசிப் பையனுக்கு அம்மா ஏற்கெனவே செஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். அங்கே டிவியில் மத்தியானம் ஒரு செஸ் நிகழ்ச்சி. முடிவில் ஒரு புதிர் வரும். பையன் அந்த நேரம் பள்ளியில். அம்மா என்ன செய்தார்? உட்கார்ந்து பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைத்தார். பையன் சாயங்காலம் வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு செஸ் புத்தகம். திரும்பத் திரும்ப இவனே ஜெயித்ததில், வேண்டிய புத்தகங்களை மொத்தமாக எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று அவர்களே சொல்லும் நிலை வந்துவிட்டது!

அந்த அம்மா சுசீலா. பையன் விஸ்வநாதன் ஆனந்த். பிறந்தது எங்க மாயவரத்தில், 1969 டிசம்பர் 11. (ஊர்ப் பெருமை, கண்டுக்காதீங்க.) 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

நம்ம பிள்ளை ஆனந்த் ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அம்மா செய்ததைப் பாருங்கள். பணம் கட்டி இன்னொருவரிடம் தள்ளிவிடவில்லை. ஒரு புதிரை எழுதி வைத்தார், பக்கத்தில் உட்கார்ந்தார். துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிற நமக்கு இது முடியாதா? நேரம் இல்லை என்பீர்கள். ரேட்டிங்கை ஒரு நாளைக்கு நாலு தடவை பார்க்க நேரம் இருக்கிறதே!

"ஆனந்தே வேகமாத்தானே ஆடினார்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஆமாம், சென்னை டால் செஸ் கிளப்பில் அவர் பிளிட்ஸாக ஆடித் தள்ளினார். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1972ல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய கிளப் அது. ஆனால் அங்கே தோற்றவர் எழுந்து இடத்தைக் கொடுக்க வேண்டும். எழுந்தவர் பக்கத்தில் நின்று, எங்கே தப்பு என்று யோசித்தபடியே அடுத்த முறைக்குக் காத்திருப்பார். சுற்றிலும் நன்றாக ஆடுகிறவர்கள். இங்கே? தோற்ற அடுத்த நொடி "மறு ஆட்டம்" பொத்தான். மூணு நிமிஷ ஆட்டம் ஒரு ராத்திரியில் முப்பது. அத்தனையிலும் அதே தப்பு. பயிற்சி என்றால் தப்பைத் திருத்துவது. இது தப்பைப் பழக்கமாக்குவது.

"திறமை என்று ஒன்று இருக்கிறதே?" இருக்கிறது. உலக சாம்பியன் ஆவதற்கு அது வேண்டும். 900லிருந்து 1300 போவதற்கு அந்தப் பேச்சே வேண்டாம். 1973ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். (சைமனுக்கு 1978ல் பொருளாதார நோபல் கிடைத்தது. காமர்ஸ்காரன் விடுவேனா!) நிஜ ஆட்டத்தில் வந்த நிலையைச் சில நொடி காட்டி, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் தொடக்கக்காரரைவிட மிக நன்றாக அடுக்கினார். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால்? மாஸ்டரும் தொடக்கக்காரரும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்களுக்கு ஞாபகசக்தி அதிகமில்லை, பழகிய அமைப்புகள் அதிகம். அமைப்புகள் பழகப் பழகத்தான் வரும். அது வருகிற காலத்தில் வெளியே எண் நின்றுகொண்டிருக்கும். விதைத்த மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்க்கிற விவசாயி உண்டா?

வயசும் சாக்கு இல்லை. பக்கத்து மைசூர்க்காரர், ரயில்வேயில் வேலை பார்க்கும் தேஜ்குமார், கர்நாடகாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது 2017ல். அப்போது அவர் முப்பதுகளின் நடுவில்.

சரி, என்னதான் செய்யணும்?

எங்க வீட்டில் செய்தது. செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா.

1. வாரத்துக்கு மூணு ஆட்டம் மட்டும், ஆளுக்கு அரை மணி நேரம். முடிந்தால் நிஜப் பலகையில், நகர்த்தலை எழுதிக்கொண்டு. மூணு நிமிஷ ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பாயசம் மாதிரி.

2. காயைத் தொடும் முன்னால் ரெண்டு கேள்வி. அவர் இப்போது எதற்கு அதை நகர்த்தினார்? நான் இதை வைத்தால் அவரிடம் என்ன செக், என்ன வெட்டு, என்ன மிரட்டல் இருக்கிறது? முதல் ரெண்டு வாரம் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். எரிச்சலாக இருக்கும். பரவாயில்லை.

3. தோற்ற ஆட்டத்தை அன்றைக்கே பார்ப்பது. முதலில் எஞ்சின் இல்லாமல், "எங்கே போச்சு" என்று ஒரு வரி. அப்புறம் எஞ்சின் வைத்துச் சரிபார்ப்பது. விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிறவன் எந்தக் காலத்தில் கணக்கு கற்றுக்கொண்டான்?

4. தினம் பத்துப் புதிர். புதுசு புதுசாக இல்லை. ஒரே நூறு புதிரைத் திரும்பத் திரும்ப. சி7இல் குதிரை ஏறி இ8 ராஜாவையும் ஏ8 யானையையும் ஒன்றாகப் பிடிப்பது யோசித்து வரக்கூடாது, பழைய சிநேகிதன் முகம் மாதிரி பார்த்ததும் தெரிய வேண்டும்.

5. மூணே மூணு முடிவாட்டம். ராணி வைத்து மேட், யானை வைத்து மேட், ராஜாவும் சிப்பாயும். கபப்ளாங்கா 1921ல் எழுதிய பாடப் புத்தகத்தையே சுலபமான மேட்களில்தான் தொடங்கினார். சிப்பாய் ஆட்டத்துக்கு ஒரே விதி: சிப்பாயைத் தள்ளாதே, ராஜாவை முன்னால் நடத்து. உன் ராஜா ஆறாவது வரிசையில், சிப்பாய் அதற்கு நேர் பின்னால் இருந்தால் யார் நகர்த்த வேண்டிய முறையானாலும் ஜெயிப்பு. ஓரத்துச் சிப்பாய் மட்டும் விதிவிலக்கு. அரை மணி நேரப் பாடம். அன்றைக்கு மைசூரில் இது தெரிந்திருந்தால்...

6. ஓப்பனிங்? நடுவைப் பிடி, குதிரையையும் மந்திரியையும் வெளியே கொண்டு வா, ராஜாவைக் கோட்டைக்குள் வை. அவ்வளவுதான். மீதியை 1500 தாண்டினால் பார்த்துக்கொள்ளலாம்.

7. மூணு மாசத்துக்கு அப்பா அம்மா ரேட்டிங்கைப் பார்க்கக்கூடாது. ஏழு விதியில் எனக்குக் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான்.

பலன் என்ன? மகள் இப்போது 1250. பெரிய எண் இல்லை. மறுபடியும் அங்கே நிற்கிறாள். இந்தத் தடவை வீட்டில் யாரும் பதறவில்லை. அவளே நோட்டை எடுத்து, "நேரம் போறதுதான்ப்பா இப்ப பெரிய கணக்கு" என்கிறாள். அந்தச் சிநேகிதியும் அவளும் சனிக்கிழமை எங்க வீட்டு வாசலில் கன்னடத்திலேயே சண்டை போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். எனக்கு அது போதும்.

போன மாசம் ரெண்டு பேரையும் சாமராஜேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். 1826ல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் கட்டியது. அரிகொட்டாரம் என்றிருந்த ஊருக்கு, அங்கே பிறந்த தன் அப்பா சாமராஜரின் பேரை வைத்தவரும் அவர்தான். அந்த ராஜா ஒரு சதுரங்கப் பைத்தியம். ஒரு கட்டத்தையும் ரெண்டு தடவை மிதிக்காமல் குதிரை 64 கட்டத்தையும் சுற்றி வருகிற புதிர்களை அமைப்பதில் பேர் போனவர். "இவ்வளவு தடவை தப்பா வந்திருக்கும்ல?" என்று மகள் கேட்டாள். வந்திருக்கும் அம்மா. ராஜாவுக்கும் வந்திருக்கும்.

தம்பிக்கு மறுநாள் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். "முதல்ல உள்ள போய்ப் பையன்கிட்ட மன்னிப்புக் கேளு. அப்புறம் அவன் தோத்த ஆட்டத்தை ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காரு. கிளாஸை நிறுத்தறதா வேணாமாங்கறதை அப்புறம் பேசுவோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, எனக்கு குதிரை எப்படிப் போகும்னே தெரியாதே" என்றான்.

நல்லதாப் போச்சு. பையனையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

பி.கு.: கிளாஸ் நடத்துகிற நண்பர்கள் கோபப்பட வேண்டாம். நீங்கள் நல்ல வாத்தியார் என்றால் இந்த ஏழில் ஆறையாவது ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள். சொல்லவில்லை என்றால் நான் திட்டியது உங்களைத்தான் :-)